விடியற்காலை நாலு மணி இழுப்பு

ஆஸ்துமாவால் வாரத்தில் மூன்று நாள் விடியற்காலையில் இருமல் எழுப்பிவிடுகிறது, பகலில் ஆபீசில் கண் சொருகுகிறது, தூக்க மாத்திரை போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். நீங்களாகப் போடாதீர்கள், சில மாத்திரைகள் மூச்சை இன்னும் மந்தமாக்கும். எனக்கும் சின்ன வயதிலிருந்து ஆஸ்துமா, அந்த நாலு மணியை நன்றாகத் தெரியும். விடியலுக்கு முன் எல்லோருக்குமே மூச்சுக்குழாய் கொஞ்சம் சுருங்கும், அழற்சியை அடக்கும் கார்டிசால் ஹார்மோன் இரவில் இறங்குவதும் ஒரு காரணம். நமக்கு அது இழுப்பாகிவிடுகிறது. தூக்கம் கெட்டால் உடம்பில் அழற்சி கூடும், அசதியில் காலை இன்ஹேலரை மறப்போம், அடுத்த ராத்திரி இன்னும் மோசம்.

ராத்திரி எழுப்புகிறது என்றாலே ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை என்றுதான் டாக்டர்கள் கணக்கு. இழுப்பு வரும்போது உடனே தணிக்கும் நீல இன்ஹேலரை மட்டும் அடித்துச் சமாளிக்கிறீர்கள் என்றால் தினசரி ஸ்டீராய்டு இன்ஹேலர் பற்றி இந்த வாரமே கேளுங்கள், எத்தனை நாள் எழுந்தீர்கள் என்று குறித்துக்கொண்டு போங்கள். பேச முடியாத அளவு மூச்சு வாங்கினால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிதான்.

அப்புறம், நான் வருடக்கணக்கில் கட்டிலுக்கு அடியில் கொசுவர்த்திச் சுருளைக் கொளுத்திவிட்டுப் படுத்தவன், வெட்கம்தான். கொசுவலைக்கு மாறியதும் இருமல் பாதி குறைந்தது. நீங்கள் ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள்? சாப்பிட்டவுடன் படுத்தால் நெஞ்செரிச்சலும் இருமலைக் கிளப்பும்.