ஆப்டோமெட்ரி படித்தால் ஏஐ வேலையைப் பறித்துவிடுமா?

வணக்கம் அம்மா. மகளுக்கு ஆப்டோமெட்ரி (கண் பரிசோதனை, பார்வை பற்றிய படிப்பு) சீட் கிடைத்தும், "கம்ப்யூட்டரே கண்ணைப் பார்த்து நோயைச் சொல்லிவிடுகிறதாமே, நாலு வருஷம் படித்து என்ன ஆகும்?" என்று கேட்டிருந்தீர்கள். தயங்காமல் சேருங்கள்.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். சர்க்கரை நோய் விழித்திரையைத் தாக்கும்போது ஆரம்பத்தில் வலியும் இருக்காது, பார்வையும் மங்காது. அதனால்தான் வருடம் ஒருமுறை விழித்திரையைப் பரிசோதிக்கச் சொல்கிறார்கள். சர்க்கரை நோயாளிகள் எத்தனை பேர்! அத்தனை பேரையும் பார்க்கக் கண் டாக்டர்கள் போதாது. இதற்கு உதவத்தான் கம்ப்யூட்டர் வந்தது. கூகுள் ஆராய்ச்சியாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 1,28,000 விழித்திரைப் படங்களைக் கொண்டு டீப் லேர்னிங் (ஏராளமான உதாரணங்களைக் காட்டிக் கற்பிக்கும் ஏஐ) முறையில் கம்ப்யூட்டரைப் பழக்கினார்கள். நம் மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவமனைகளின் படங்களும் அந்த ஆய்வில் உண்டு. ஒவ்வொரு படத்தையும் 3 முதல் 7 கண் மருத்துவர்கள் பார்த்துத் தரம் பிரித்த பிறகுதான் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டது.

பிறகு அதைத் தாய்லாந்தின் சிறு சுகாதார மையங்களில் பயன்படுத்திப் பார்த்தார்கள். அங்கே நர்ஸுகள் எடுத்த படங்களில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் தெளிவில்லை என்று மென்பொருள் தள்ளிவிட்டது. அறையைப் போதுமான அளவு இருட்டாக்க முடியாதது ஒரு காரணம். மெதுவான இன்டர்நெட்டால் முடிவு வரவும் தாமதமானது. படம் சரியாக இல்லையென்றால் எவ்வளவு கெட்டிக்கார மென்பொருளும் கைவிரித்துவிடும். நல்ல படம் எடுக்கவும், "இதை நம்பலாம், இதை டாக்டர் பார்க்கட்டும்" என்று பிரிக்கவும், பயந்துபோன நோயாளிக்கு முடிவை விளக்கவும் கண்ணைப் படித்த ஆள் வேண்டும். உங்கள் மகள் படிக்கப்போவது அதைத்தான்.

கூடவே புள்ளியியலும் கொஞ்சம் பைத்தானும் (கம்ப்யூட்டர் நிரல் எழுதும் மொழி) கற்றுக்கொள்ளட்டும். நோய் இருப்பவரை மென்பொருள் எத்தனை முறை தவறவிடுகிறது, இல்லாதவரை எத்தனை முறை வீணாகப் பயமுறுத்துகிறது என்று கணக்குப் பார்க்கத் தெரிந்தால், இதே துறையின் ஆராய்ச்சிக் குழுக்களிலும் அவளால் சேர முடியும். நோயாளிகளோடு பழகுவதைவிட கோடிங்தான் பிடிக்கிறது என்றால், அது வேறு வழி. அப்போது கணிதம் பலமாக உள்ள பொறியியல் படிப்பைப் பாருங்கள். பெயரில் மட்டும் ஏஐ ஒட்டிய படிப்புகளின் பாடத்திட்டத்தை வாங்கிப் படிக்காமல் பணம் கட்டாதீர்கள்.

கல்லூரியைப் பொறுத்தவரை, சொந்தக் கண் மருத்துவமனையும் விழித்திரைப் பிரிவும் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசி ஒரு வருடப் பயிற்சி எங்கே நடக்கும் என்றும் கேளுங்கள். அப்புறம், கட்டணம் கட்டும் முன் மகளை ஒருநாள் அங்கே அழைத்துப்போய், இறுதியாண்டு மாணவர்களிடம் பேசவிடுங்கள்.