லைப்ரரிக்கு ஏஐ ரிசர்ச் டூல் வாங்கலாமா? எதைப் பாத்து முடிவு பண்றது?

யுனிவர்சிட்டி லைப்ரரி கமிட்டில இருக்கேன், புரொஃபசர்ஸ் ஏஐ டூலுக்கு லைசென்ஸ் வாங்கச் சொல்றாங்க, எதை வச்சு முடிவு பண்றதுன்னு கேட்டிருக்கீங்க. நான் ரெஃபரன்ஸ் டெஸ்க்ல உக்கார்ற ஆளு, போன வருஷம் இதே மாதிரி கமிட்டில மாட்டி மண்டை காஞ்சவன், அதனால பட்டதைச் சொல்றேன்.

வெண்டர் காட்டுற டெமோவை நம்பாதீங்க. அவங்க தயார் பண்ணி எடுத்துட்டு வர்ற கேள்விக்கு பதில் அழகாத்தான் வரும். நீங்க கேக்க வேண்டியது உங்களுக்கு ஏற்கனவே விடை தெரிஞ்ச கேள்வி.

நாங்க என்ன பண்ணோம்னா, பிஎச்டி வைவா முடிச்ச ஒரு ஸ்காலரைக் கூப்பிட்டு ட்ரயல் அக்கவுண்ட்ல உன் தீசிஸ் டாபிக்கையே கேட்டுப் பாரும்மான்னு உக்கார வச்சோம். அஞ்சு பாரா வந்துச்சு, கீழ பத்து ரெஃபரன்ஸ், பத்தும் நிஜ பேப்பர். (2022 நவம்பர்ல சாட்ஜிபிடி வந்த புதுசுல, இல்லாத பேப்பரையெல்லாம் தேடித் தாங்கன்னு கவுண்டருக்கு வருவாங்க, ஜர்னல் இருக்கும், வால்யூம் இருக்கும், அந்தப் பக்கத்தைத் திறந்தா வேற யாரோ எழுதுன கட்டுரையோட நடுப்பக்கமா இருக்கும். இந்த டூல்கள் முதல்ல டேட்டாபேஸ்ல தேடி எடுத்துட்டு அப்புறம் எழுதுறதால அந்தத் தொல்லை கம்மி.) ஆனா அந்தப் பொண்ணு நாலாவது ரெஃபரன்ஸ்ல விரலை வச்சு "சார், இந்த பேப்பர் அப்படிச் சொல்லலையே"ன்னுச்சு. பிடிஎஃப் திறந்தோம். அப்ஸ்ட்ராக்ட்ல, அதாவது பேப்பரோட ஆரம்பத்துல இருக்குற சுருக்கத்துல, பாதிப்பு குறையுதுன்னு ஒரே வரி, உள்ள மூணாவது டேபிள்ல பாத்தா ஒரு சின்ன குரூப்ல மட்டும்தான் குறைஞ்சிருக்கு, மத்தவங்களுக்கு ஒண்ணும் ஆகல. டூல் படிச்சது அப்ஸ்ட்ராக்ட் மட்டும்!

அதனால முதல் கேள்வி, இது எதைப் படிச்சிட்டு பதில் சொல்லுதுங்கறதுதான். எல்செவியர் கம்பெனியோட டூலான, 2024 ஜனவரில வந்த ஸ்கோபஸ் ஏஐ கூட அப்ஸ்ட்ராக்ட்டை வச்சுத்தான் சுருக்கம் எழுத ஆரம்பிச்சுது. முழு ஜர்னலுக்கு நாம தனியா காசு கட்டிட்டு இருக்கோம், இதுக்கும் கட்டப் போறோம், ஆனா அப்ஸ்ட்ராக்ட் மட்டும் படிக்குற டூல் அந்தப் பக்கமே எட்டிப் பாக்காது.

ரெண்டாவது சோதனை, ரிட்ராக்ட் ஆன பேப்பர், அதாவது தப்புன்னு ஜர்னலே திரும்ப வாங்கிக்கிட்ட பேப்பர். அந்த மாதிரி பேப்பர்களோட லிஸ்டான ரிட்ராக்ஷன் வாட்ச் டேட்டாபேஸை 2023ல, பேப்பர்களுக்கு டிஓஐ நம்பர் பதிவு பண்ற கிராஸ்ரெஃப் அமைப்பு வாங்கி எல்லாருக்கும் இலவசமாத் திறந்து விட்டாச்சு, அதுல உங்க ஃபீல்டுல பெருசா பேர் அடிபடாத நாலு பேப்பரை எடுத்து அந்த டாபிக்கைக் கேளுங்க, ரிட்ராக்ட் ஆனதுன்னு சொல்லாமலே அதை ரெஃபரன்ஸா குடுக்குதான்னு பாருங்க. ஊரே சிரிச்ச பேப்பரை எடுக்காதீங்க, அது எல்லா டூலுக்கும் தெரியும்.

சிஸ்டமேட்டிக் ரிவ்யூ, அதாவது ஒரு கேள்விக்கு வந்த எல்லா ஆய்வையும் முறைப்படி தேடித் தொகுக்குற வேலை, பண்றவங்க நிறைய பேர் இருந்தா ஜாக்கிரதை. அந்த ரிவ்யூவை எப்படி எழுதணும்னு சொல்ற பிரிஸ்மா 2020 வழிகாட்டி படி எந்த டேட்டாபேஸ்ல என்ன சர்ச் போட்டோம்னு முழுசா எழுதிக் காட்டணும், இங்க ஒரே கேள்வியைக் காலைலயும் சாயங்காலமும் கேட்டா ரெண்டு லிஸ்ட் வருது, இதை எப்படி எழுதிக் காட்டுறது? புதுசா ஒரு டாபிக்குள்ள நுழையுற பசங்களுக்கு உதவும், அதை மறுக்கல. ஆனா அந்த வேலைக்கு செமாண்டிக் ஸ்காலர்ங்கற பேப்பர் தேடுற தளம் சும்மாவே கிடைக்குதே, அதையும் பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் பாருங்க.

அக்ரிமெண்ட்டைத்தான் யாரும் படிக்க மாட்டாங்க. ஸ்காலர் டைப் பண்ற கேள்வி எங்க போகுது, எவ்வளவு நாள் வச்சிருப்பாங்க, மாடலுக்கு ட்ரெயினிங் குடுக்க எடுத்துப்பாங்களா? இன்னும் பப்ளிஷ் ஆகாத ஐடியா அந்தக் கேள்விலயேதான் இருக்கும். இன்னொண்ணு, ஏஐ டூலே வேணாம்னு முடிவு பண்ணாலும் இப்ப இருக்குற ஜர்னல் லைசென்ஸை ஒரு தடவை எடுத்துப் பாருங்க, பிடிஎஃபை எந்த ஏஐலயும் போடக் கூடாதுன்னு ஒரு விதி சத்தமில்லாம உக்காந்திருக்கலாம். (ஜர்னல் போடுற டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸோட தாய்க் கம்பெனி 2024ல மைக்ரோசாஃப்ட்டோட டீல் போட்டு ஆரம்பத் தொகையாவே 1 கோடி டாலருக்கு மேல வாங்குச்சு. அவங்க ஏஐக்கு வித்தா வியாபாரம், நம்ம ஸ்காலர் போட்டா லைசென்ஸ் மீறல்.) மூணு வருஷ டீலுக்கு டிஸ்கவுண்ட் தர்றேம்பாங்க, ஒரு வருஷத்துக்கு மேல கையெழுத்து போடாதீங்க.

அந்த டேட்டா கேள்விகளை நாங்க மெயில்லயே கேட்டோம். ஒரு கம்பெனி பாயிண்ட் பாயிண்ட்டா பதில் போட்டுச்சு, அவங்களோடதான் ஒரு வருஷத்துக்கு போட்டிருக்கோம். இன்னொண்ணு மூணு வாரம் கழிச்சு ஒரு அட்டாச்மெண்ட் அனுப்புச்சு, திறந்தா டெமோ அன்னைக்கு மேஜைல வச்சிட்டுப் போன அதே ப்ரோஷர்.