அந்த ஸ்டிக்கர் - கடிதம்

அன்புள்ள சார்,

தில்லி மயூர் விஹாரிலிருந்து எழுதுகிறேன். என் மகன் பத்தாம் வகுப்பு. சாது. பக்கத்து வீட்டு மாமி காய்கறிப் பையோடு வந்தால் ஓடிப் போய் வாங்கிக்கொள்வான். போன வாரம் அவன் போனில் ஒரு வாட்ஸ்அப் ஸ்டிக்கரைப் பார்த்தேன். கூடப் படிக்கும் பெண்ணின் முகத்தை வெட்டியெடுத்து, கீழே அசிங்கமாக ஒரு ஹிந்தி வார்த்தை. செய்தது இவன்தான். பதினோரு பையன்கள் இருக்கும் குரூப்பில் போட்டிருக்கிறான். கேட்டால் "ஜோக்குக்குத்தாம்மா, எல்லாரும் பண்றாங்க" என்கிறான். அந்தப் பெண் இரண்டு நாளாக ஸ்கூலுக்கு வரவில்லையாம். பிரின்ஸிபால் காதுக்குப் போனால் போர்டு எக்ஸாம் என்ன ஆகும், போலீஸ் கேஸ் ஆகுமா, பின்னால் காலேஜில் சீட் கிடைக்குமா என்று எனக்கும் இவருக்கும் தூக்கமே இல்லை. நாங்கள் எங்கே தவறினோம்? போன்தான் காரணமா?

வி.

அன்புள்ள வி.,

முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளின் கடைசி, ஆர்.கே. புரம் அரசுக் குடியிருப்பு. எங்கள் கும்பலில் ஒருவன் வீட்டில் டெலிபோன் இருந்தது. அவன் அப்பா அம்மா ஆபீஸ் போனதும் ஐந்து பேர் அதைச் சுற்றி உட்காருவோம். இரண்டு செக்டர் தள்ளி இருந்த ஒரு பெரியவரின் நம்பரைச் சுழற்றிவிட்டுப் பேசாமல் இருப்போம். அவர் "ஹலோ, ஹலோ" என்று கத்தக் கத்த வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பு. ஒருநாள் அவர், "யாரு, சேகரா? லைன் சரியில்லடா, திருப்பிப் போடு" என்றார். ரிசீவர் என் கையில். எனக்குச் சிரிப்பு அதோடு நின்றுவிட்டது. ஆனால் போனை வைக்கவில்லை. நாலு பேர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாளும் போட்டோம்.

காதில் விழும் குரலைவிடக் கண்ணெதிரே இருக்கும் நாலு முகம் பெரிது. அந்த வயது அப்படி. 2005இல் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு கார் ஓட்டும் கணினி விளையாட்டைக் கொடுத்துச் சோதித்தார்கள். 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் தனியாக ஆடும்போது ஓரளவு நிதானம்; சிநேகிதர்கள் பக்கத்தில் இருந்தால் ஆபத்தான ஓட்டம் எக்கச்சக்கமாகக் கூடியது. 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. இன்று அந்தச் சிநேகிதர்கள் இருபத்திநாலு மணி நேரமும் பையிலேயே இருக்கிறார்கள். அடிபடுகிறவர் மட்டும் அங்கே இல்லை. முகம் தெரியாது, அழுகை கேட்காது, தட்டிக்கேட்கப் பெரியவர் கிடையாது. ஜான் சூலர் என்ற அமெரிக்க உளவியலாளர் 2004இலேயே இதையெல்லாம் வகைப்படுத்தி எழுதிவிட்டார், வாட்ஸ்அப் பிறப்பதற்கு முன்பே. ஆக போன் காரணமா என்றால், பாதி.

உங்கள் பையனுக்கு அறம் இல்லாமல் இல்லை. அந்த ஸ்டிக்கரை வேறு யார் யார் பரப்பினார்கள் என்று கேட்டுப்பாருங்கள், உயிர் போனாலும் சொல்லமாட்டான். கூட்டாளியைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதும் அறம்தானே. அந்தப் பதினோரு பேருக்குள் முடிந்துபோகிற அறம்.

இதை எழுதச் சங்கடமாக இருக்கிறது, ஆனால் எழுதத்தான் வேண்டும். உங்கள் கடிதத்திலும் அந்தப் பெண்ணுக்கு இருப்பது ஒரே ஒரு வரி. மிச்சமெல்லாம் எக்ஸாம், போலீஸ், சீட். ஹார்வர்டில் கேரி ஜேம்ஸ் என்ற ஆய்வாளர் பிள்ளைகளிடம் உட்கார்ந்து பேசிப் பார்த்தார். இணையத்தில் ஒன்றைச் செய்யும்போது அவர்கள் முதலில் யோசிப்பது ‘எனக்கு என்ன ஆகும்’ என்பதைத்தான். அடுத்தது தெரிந்தவர்கள். தெரியாதவர்கள் அநேகமாக நினைவுக்கே வருவதில்லை. பெரியவர்களின் புத்திமதியும் பெரும்பாலும் ‘மாட்டிக்கொள்ளாதே’ என்ற ரகம்தான் என்பதையும் அவர் கண்டார். நாம் சொல்லிக்கொடுத்ததைத்தான் பிள்ளை ஒப்பிக்கிறது.

2020 மே மாதம் ‘பாய்ஸ் லாக்கர் ரூம்’ என்ற இன்ஸ்டாகிராம் குரூப் அம்பலமானது நினைவிருக்கும். தென்தில்லிப் பள்ளிப் பையன்கள் பெண்களின் படங்களைப் போட்டு அசிங்கமாகப் பேசிய குரூப். நம் தமிழ் மாமாக்கள் எல்லாம் கொதித்தார்கள். கொதித்த வேகத்தில் ஒரு ஸ்னாப்சாட் உரையாடலையும் சேர்த்துப் பரப்பினார்கள். அதற்கும் அந்தக் குரூப்புக்கும் சம்பந்தமில்லை, ஒரு பெண்ணே ஆண் பெயரில் பேசியது என்று தில்லி போலீஸ் சில நாளில் சொன்னது. "தப்பாப் போட்டுட்டேன், எடுத்துடுங்க" என்று ஒரு மாமாகூட எழுதி நான் பார்க்கவில்லை. நானும் எழுதவில்லை.

கேஸ் ஆகுமா என்பதை ஒரு வக்கீலிடம் கேளுங்கள். போனைப் பிடுங்காதீர்கள், பிடுங்கினால் உங்கள் கோபம் ஆறும், ஸ்டிக்கர் போகாது. குரூப்பில் அவன் அழித்தாலும் சேமித்து வைத்தவன் போனில் அது இருக்கும். ஆகவே அதே குரூப்பில், அந்தப் பத்துப் பேர் பார்க்க, அவன் எழுதட்டும்: நான் பண்ணினது தப்பு, எல்லாரும் எடுத்துடுங்கடா. மாட்டேன் என்பான். உங்களிடம் ஆயிரம் முறை சாரி கேட்கிறேன், அது மட்டும் வேண்டாம் என்பான். இரண்டு நாள் பொறுங்கள், விட்டுவிடாதீர்கள்.

அவனை அந்தப் பெண் வீட்டு வாசலுக்கு இழுத்துக்கொண்டு போகவும் வேண்டாம். அவளுக்கு இவன் முகத்தைப் பார்க்க இஷ்டமிருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? முதலில் நீங்கள் அவள் அம்மாவுக்கு ஒரு போன் செய்யுங்கள். பையனுக்காகப் பேசப் போகாதீர்கள், அவள் எப்படி இருக்கிறாள் என்று மட்டும் கேளுங்கள்.

அவள் ஸ்கூலுக்கு வர ஆரம்பித்துவிட்டாளா? அடுத்த முறை எழுதும்போது அதை முதலில் எழுதுங்கள்.