போரில் நீர்மூழ்கிக் கப்பலோடு காணாமல் போனவருக்கு என்ன ஆனது என்று இத்தனை காலம் கழித்துக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். கிரேபேக் என்ற அமெரிக்க நீர்மூழ்கிக்கு 75 வருடம் பிடித்தது.

மற்ற போர்க்கப்பல் மூழ்கினால், உடன் வந்த கப்பல் பார்த்திருக்கும், பிழைத்து வந்த யாராவது நடந்ததைச் சொல்வார்கள். நீர்மூழ்கி பெரும்பாலும் தனியாகத்தான் போகும். இருக்கும் இடம் எதிரிக்குத் தெரிந்துவிடும் என்பதால் ரேடியோவிலும் அதிகம் வாய் திறக்காது. வரவேண்டிய நாளில் வராதபோதுதான் கரையில் இருப்பவர்களுக்குச் சந்தேகமே வரும். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா 52 நீர்மூழ்கிகளையும் 3,500க்கும் மேற்பட்ட மாலுமிகளையும் இழந்தது. பல கப்பல்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை.

கிரேபேக் 1944 ஜனவரி 28 அன்று பேர்ல் ஹார்பரிலிருந்து கிளம்பியது. இரண்டே டார்பிடோதான் (நீருக்கடியில் பாய்ந்து கப்பலைத் தாக்கும் குண்டு) மிச்சம் என்று பிப்ரவரி 25 அன்று தகவல் வந்தது. மிட்வே தீவுக்குத் திரும்பச் சொன்னார்கள். மார்ச் 7 வாக்கில் வந்திருக்க வேண்டும், வரவில்லை. 80 பேரும் போய்விட்டதாக மார்ச் 30 அன்று கடற்படை முடிவு செய்தது.

என் மனதை இன்றும் அறுப்பது இதற்கு அடுத்தது. விடை ஜப்பானியப் பதிவில் அப்போதே இருந்தது. பிப்ரவரி 27 அன்று ஜப்பானின் ஒகினாவா தீவுக்குத் தெற்கே ஒரு நீர்மூழ்கிமேல் விமானம் குண்டு போட்டது, அது வெடித்து மூழ்கியது என்று இடத்தோடு எழுதி வைத்திருந்தார்கள். போருக்குப் பிறகு அதை மொழிபெயர்த்தபோது தீர்க்கரேகையில் ஒரே ஒரு எண் தப்பாகிவிட்டது. காகிதத்தில் ஒரு எண், கடலில் 100 மைலுக்கு மேல்! யூதாகா இவாசாகி என்ற ஜப்பானிய ஆய்வாளர் மூலப் பதிவை எடுத்துப் படித்த பிறகுதான் தப்பு வெளியே வந்தது.

அப்புறம் 2019 ஜூனில், மூழ்கிய கப்பல்களைத் தேடும் டிம் டெய்லர் என்பவரின் குழுவினர் அந்த இடத்தில் தேடினார்கள். ஆழ்கடலில் விட்ட கருவி நடுவில் பழுதாகிவிட்டது. சரி, அதுவரை பதிவானதையாவது பார்ப்போம் என்று பார்த்தவர்களுக்கு, சுமார் 1,400 அடி ஆழத்தில் ஏதோ கிடப்பது தெரிந்தது. கிரேபேக்தான். மேல்தளத்துப் பீரங்கி மட்டும் தனியே தள்ளிக் கிடந்தது. கப்பலின் பெயர்ப் பலகை படிக்கும்படி அப்படியே இருந்தது.

அந்த 80 பேரைப் பெற்றவர்களில் ஒருவர்கூட இந்தச் செய்தியைக் கேட்க உயிரோடு இருந்திருக்க வாய்ப்பில்லை. அதனால்தான் உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிப் போயிருந்தால், சொந்த நாட்டு ஆவணத்தோடு நிறுத்திவிடாதீர்கள் என்கிறேன். எதிரி நாட்டுப் பதிவையும் தேடுங்கள். மொழிபெயர்ப்பை நம்பாமல் மூலத்தையே அந்த மொழி தெரிந்தவரிடம் கொடுத்து, ஒவ்வொரு எண்ணையும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.