குழந்தையின் கால் இடிக்கிறது, இருக்கையைத் திருப்பலாமா?

கேள்வி: எங்கள் குழந்தைக்கு 14 மாதங்கள் ஆகின்றன. காரின் பின்சீட்டில், பின்புறம் பார்த்தவாறு பொருத்திய குழந்தை இருக்கையில் உட்கார வைக்கிறோம். இப்போது கால்கள் சீட்டின் சாய்வில் முட்டி மடங்குகின்றன. "அந்தக் காலத்தில் யார் இப்படி உட்கார வைத்தார்கள்?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். முன்பக்கமாகத் திருப்பிவிடலாமா?

பதில்: இப்போது திருப்ப வேண்டாம். கால் மடங்குவது திருப்புவதற்கான அடையாளம் அன்று. இந்த வயதில் குழந்தைகள் சம்மணமிட்டோ காலைத் தூக்கி வைத்துக்கொண்டோ வசதியாகவே உட்கார்ந்துகொள்வார்கள்.

பெரியவர்கள் சொல்வதும் உண்மைதான். 1930களில் விற்பனைக்கு வந்த குழந்தை இருக்கைகள், குழந்தையை உயர்த்தி உட்கார வைத்து வெளியே வேடிக்கை பார்க்கச் செய்வதற்காகவே உருவானவை. விபத்தில் காப்பது அவற்றின் நோக்கமாக இருக்கவில்லை. 1960களில்தான், விண்கலத்தில் வீரர்கள் விசையை முதுகால் தாங்கும்படி படுத்திருப்பதைக் கவனித்த ஸ்வீடன் நாட்டுப் பேராசிரியர் பெர்ட்டில் ஆல்ட்மன், பின்நோக்கிய இருக்கையை வடிவமைத்தார். அமெரிக்காவில் 1971இல் முதல் தரவிதி வந்தபோதும் மோதல் சோதனை கட்டாயமாகவில்லை. அது 1981இல்தான் நடைமுறைக்கு வந்தது.

ஆல்ட்மனின் யோசனை இன்றும் நிலைப்பதற்குக் காரணம் குழந்தையின் உடலமைப்பு. உடலோடு ஒப்பிட்டால் தலை பெரியது, கனமானது. கழுத்தெலும்புகளோ இன்னும் முழுதாக இறுகவில்லை. நேருக்கு நேர் மோதும்போது முன்நோக்கி அமர்ந்த குழந்தையின் உடலை வார்கள் பிடித்து நிறுத்திவிட, தலை மட்டும் முன்னே வீசப்பட்டு, அந்த இழுவை முழுவதும் கழுத்தில் இறங்குகிறது. பின்நோக்கி அமர்ந்திருந்தாலோ தலை, கழுத்து, முதுகு மூன்றையும் இருக்கையின் ஓடு, அதாவது அதன் கெட்டியான வெளிக்கூடு, ஒருசேரத் தாங்கிக்கொள்கிறது. இதனால்தான் 2013இல் வந்த ஐ-சைஸ் எனும் ஐரோப்பிய விதி, குறைந்தது 15 மாதம் வரை பின்நோக்கியே அமர வேண்டும் என்கிறது. பக்கவாட்டு மோதல் சோதனையையும் அதுவே சேர்த்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமி 2018இல் வயதுக் கணக்கையே விட்டுவிட்டு, இருக்கை அனுமதிக்கும் உயரம், எடையின் எல்லை வரை பின்நோக்கியே வைக்குமாறு பரிந்துரைத்தது. என் கருத்தும் அதுவே.

ஆகவே காலைப் பார்க்காமல் தலையைப் பாருங்கள். உச்சந்தலைக்கு மேல் ஓட்டின் விளிம்பு சுமார் 2.5 செ.மீ. மிச்சமிருந்து, எடையும் கையேட்டின் வரம்புக்குள் இருந்தால் இருக்கை இன்னும் போதும். தோள் வார்கள் தோள்மட்டத்திலோ சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும். காரையெலும்புக்கு அருகே வாரை இரு விரல்களால் கிள்ளினால் மடிப்பு பிடிபடக் கூடாது. இயங்கும் ஏர்பேக் உள்ள முன்சீட்டில் பின்நோக்கிய இருக்கையை ஒருபோதும் பொருத்தாதீர்கள்.

எல்லையைத் தாண்டிய பிறகு முன்நோக்கித் திருப்பலாம். அப்போதும் இரு தோள்கள், இரு இடுப்புப் பக்கங்கள், கால்களுக்கு நடுவே என ஐந்து இடங்களில் பிடிக்கும் ஐந்து முனை வார்களே வேண்டும். இருக்கையின் மேற்பகுதியைக் காரோடு பிணைக்கும் மேற்பட்டை இருந்தால், தலை முன்னே வீசப்படும் தூரத்தைக் குறைப்பது அதுதான் என்பதால், அதைக் காரின் கொக்கியில் மாட்டி இறுக்கிவிடுங்கள்.