வெளிநாட்டு ஓட்டலில் ஒரு நாள் வாடகைக்கு ஏன் 24 மணி நேரம் கிடைப்பதில்லை?

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்து லாட்ஜுகள் பலவற்றில் 24 மணி நேரக் கணக்குதான். ராத்திரி எட்டரைக்குச் சாவி வாங்கினால் மறுநாள் எட்டரை வரை அறை நம்முடையது. இதே நினைப்பில் சிங்கப்பூர் போகிறவர்கள் வரவேற்பு மேசையில் முழிக்கிறார்கள். அங்கே பெரும்பாலும் பிற்பகல் 2 அல்லது 3 மணிக்குத்தான் அறை தருவார்கள் (செக்-இன்). மறுநாள் 11 அல்லது 12 மணிக்குள் காலி செய்ய வேண்டும் (செக்-அவுட்). நாம் காசு கொடுப்பது ஒரு ராத்திரிக்கு.

காரணம், சுத்தம் செய்யும் வேலை. எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பினால்தான் விரிப்பு, துண்டு மாற்றி, குளியலறை கழுவி, அடுத்தவருக்கு அறையைத் தயார்படுத்த முடியும். நம்மூர் கல்யாண மண்டபம் மாதிரி: காலை முகூர்த்தக்காரர்கள் பாத்திரம் பண்டத்தோடு கிளம்பினால்தானே சாயங்கால வரவேற்புக்காரர்கள் உள்ளே வர முடியும்?

திருவனந்தபுரத்தில் ராத்திரி விமானம் ஏறி, விடிகாலையில் அங்கே இறங்கினால் என்ன செய்வது? பெட்டியை வரவேற்பில் ஒப்படைத்து, சீட்டு வாங்கிக்கொண்டு ஊர் சுற்றப் போகலாம். பெரும்பாலான ஓட்டல்கள் இதற்குக் காசு கேட்பதில்லை. மாற்றுச் சட்டை, மாத்திரை, பாஸ்போர்ட்டைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அறை தயாராக இருந்தால் சீக்கிரமே தருவார்கள். கேட்டுப் பாருங்கள், கூச்சம் வேண்டாம்.

ஒன்றாம் தேதிக்குப் பதிவு செய்தால் அன்று நள்ளிரவு முதலே அறை உண்டு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, ஒன்றாம் தேதி அதிகாலை 2 மணிக்கே படுக்கை வேண்டுமானால் முந்தைய தேதிக்குப் பதிவு செய்து, தாமதமாக வருவதாகச் சொல்லி வைக்க வேண்டும்.