நால்வருக்குத் தேடினால் ஒரு விலை, ஒருவருக்குத் தேடினால் வேறு விலை: விடுமுறைப் பயணத்துக்கு விமான டிக்கெட் எடுப்பது எப்படி?

கேள்வி: பள்ளி விடுமுறையில் நானும் என் கணவரும் இரண்டு பிள்ளைகளுடன் இரண்டு வார வெளிநாட்டுச் சுற்றுலா செல்லவிருக்கிறோம். மூத்தவளுக்கு எட்டு வயது. இளையவனுக்கு விடுமுறைக் காலத்தில்தான் இரண்டு வயது நிறைகிறது. முதல் நாள் இரவு பார்த்த விமானக் கட்டணம் மறுநாள் காலையில் நன்றாகவே ஏறிவிட்டது. நாம் தேடுவதைக் கண்காணித்து விலையை ஏற்றுகிறார்கள் என்றும், செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் எடுத்தால் மலிவு என்றும் சொல்கிறார்கள். எப்போது, எப்படி டிக்கெட் எடுத்தால் உண்மையிலேயே செலவு குறையும்?

பதில்: ஒரே இரவில் விலை ஏன் ஏறியது என்பது புரிந்துவிட்டால், மற்றவற்றுக்கு நீங்களே வழி கண்டுகொள்வீர்கள். விமானத்தின் எகானமி பகுதியில் எல்லா இருக்கைகளும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. ஆனால் விற்பனைக் கணக்கில் அவை பல கட்டண வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டு, ஒய், பி, எம், கியூ என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்தும், தனி விலையும், தனி நிபந்தனைகளும் தரப்பட்டிருக்கும். மிக மலிவான வகுப்பில் குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் இருக்கைகளை விடுவார்கள். அவை விற்றுத் தீர்ந்ததும் அந்த வகுப்பு மூடப்பட்டு, அடுத்த வகுப்பின் விலை திரையில் தோன்றும். பிரிட்டனின் பி.ஓ.ஏ.சி. விமான நிறுவனத்தில் பணியாற்றிய கென் லிட்டில்வுட் 1972-இல் இதற்கான அடிப்படை விதியை வகுத்தார். கடைசி நேரத்தில் முழுக் கட்டணம் கொடுத்து வரக்கூடிய பயணியிடமிருந்து எதிர்பார்க்கும் வருவாயைவிட, இப்போது சலுகை விலையில் கிடைக்கும் பணம் அதிகமாக இருக்கும் வரையில்தான் சலுகை இருக்கையை விற்க வேண்டும் என்பதே அந்த விதி. இன்றைய கணினிக் கணக்குகள் எவ்வளவோ சிக்கலாகிவிட்டாலும் அவற்றின் வேர் இதுதான்.

ஆகவே, நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தபோது மலிவான வகுப்பில் எஞ்சியிருந்த இருக்கைகளை வேறு யாரோ எடுத்திருக்கக்கூடும். இன்னொரு காரணமும் உண்டு. விலை ஒப்பீட்டுத் தளங்கள் சில நேரங்களில் முன்பு சேமித்து வைத்த விலையைக் காட்டுகின்றன. தேர்ந்தெடுத்து உள்ளே போகும்போதுதான் அந்த நிமிடத்து விலை வருகிறது. அதைப் பார்ப்பவருக்கு, தன் கண்ணெதிரே விலையை ஏற்றிவிட்டார்கள் என்று தோன்றுவது இயல்பே. நம் தேடலை நினைவில் வைக்கும் குக்கீகளை அழிப்பதாலும், அவற்றைச் சேமித்து வைக்காத இன்காக்னிட்டோ முறையில் தேடுவதாலும் கெடுதல் ஒன்றுமில்லை, ஆனால் அதனால் மூடிய வகுப்பு திறக்காது.

இந்த ஏற்பாட்டில் குடும்பங்களுக்குப் பயன்படும் நுட்பம் ஒன்று இருக்கிறது. நான்கு பேருக்கு என்று தேடினால், நான்கு இருக்கைகளும் ஒரே வகுப்பில் கிடைக்கிறதா என்றுதான் பெரும்பாலான தளங்கள் பார்க்கும். மலிவான வகுப்பில் மூன்றே இருக்கைகள் மிஞ்சியிருந்தால், நால்வருக்கும் சேர்த்து அடுத்த வகுப்பின் விலையைக் காட்டிவிடும். எனவே அதே நாள், அதே விமானத்துக்கு முதலில் ஒருவருக்கும், பிறகு இருவருக்கும், மூவருக்கும் தனித்தனியாகத் தேடிப் பாருங்கள். மூவர் வரை ஒரு விலையும் நால்வர் என்றதும் வேறு விலையும் வந்தால், தடை எங்கே இருக்கிறது என்பது பளிச்சென்று தெரிந்துவிடும். அப்போது ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையுமாக இரண்டு முன்பதிவுகளாகப் பிரித்து, எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடுத்தடுத்து எடுத்துவிடலாம். எடுத்த கையோடு விமான நிறுவனத்தை அழைத்து, இரண்டு பிஎன்ஆர் எண்களும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று குறித்துவைக்கச் சொல்லுங்கள். விமானம் ரத்தானாலோ நேரம் மாறினாலோ இரண்டு பதிவுகளையும் தனித்தனியாக மாற்ற வேண்டியிருக்கும் என்பதால், மிச்சமாகும் தொகை சொற்பமாக இருந்தால் நான் பிரிக்கச் சொல்ல மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை நம்பிக்கைக்கு வருவோம். டிக்கெட் எடுக்கும் கிழமையால் பெரிய வேறுபாடு வருவதில்லை. கட்டணங்கள் இப்போது நாளில் பலமுறை மாறுகின்றன. பறக்கும் கிழமைதான் விலையைத் தீர்மானிக்கிறது. வார நடுவில் புறப்படும் விமானங்கள் பெரும்பாலும் வெள்ளி, ஞாயிறு விமானங்களைவிட மலிவாக இருக்கும். விடுமுறை தொடங்கும் முதல் சனிக்கிழமையும், பள்ளி திறப்பதற்கு முந்தைய ஞாயிறும்தான் எல்லாரும் விரும்பும் நாட்கள் என்பதால், இந்த இரண்டிலிருந்தும் மூன்று நான்கு நாட்கள் தள்ளி வைத்தாலே கணிசமான மிச்சம் கிடைக்கக்கூடும். கூகுள் ஃபிளைட்ஸ், ஸ்கைஸ்கேனர் போன்ற தளங்களில் மாதம் முழுவதற்குமான விலையை நாட்காட்டியில் பார்க்கும் வசதி இருக்கிறது; நாளை முடிவு செய்துவிட்டு விலை பார்க்காமல், விலையைப் பார்த்துவிட்டு நாளை முடிவு செய்யுங்கள்.

எத்தனை நாள் முன்னதாக எடுப்பது என்பதற்கு ஒரே விடை கிடையாது. பல சலுகைக் கட்டணங்களில், புறப்படுவதற்கு 21, 14 அல்லது 7 நாட்களுக்கு முன்பே வாங்கியாக வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். அந்தக் கெடு கடந்துவிட்டால், இருக்கைகள் காலியாகவே கிடந்தாலும் அந்த விலை மறைந்துவிடும். கடைசி நேரத்தில் தள்ளுபடி வரும் என்று காத்திருப்பது, பள்ளி விடுமுறையில் நால்வராகச் செல்பவர்களுக்கு ஏற்றதல்ல. உங்கள் நிலையில் நான் இருந்தால் ஆறேழு மாதங்களுக்கு முன்பே விலையைக் கவனிக்கத் தொடங்கி, விலை மாறினால் மின்னஞ்சல் வரும்படி அமைத்துக்கொண்டு, இன்ன தொகைக்கு வந்தால் எடுத்துவிடுவது என்று முதலிலேயே தீர்மானித்துவிடுவேன். எடுத்த பிறகு ரத்துசெய்ய அவகாசம் உண்டா என்றும் பாருங்கள். எடுத்துக்காட்டாக, அமெரிக்காவுக்கோ அங்கிருந்தோ பறக்கும் டிக்கெட்டை ஏழு நாட்களுக்கு முன்பாக விமான நிறுவனத்திடமே எடுத்தால், 24 மணி நேரத்துக்குள் அபராதமின்றி ரத்துசெய்யவோ, பணம் கட்டாமல் அதே விலையை 24 மணி நேரம் நிறுத்திவைக்கவோ அந்நிறுவனம் அனுமதித்தாக வேண்டும் என்பது அந்நாட்டு விதி.

பயணத்தின் வடிவத்தை மாற்றுவதும் கைகொடுக்கும். பாரிஸையும் ரோமையும் பார்க்கத் திட்டமென்றால், பாரிஸில் இறங்கி ரோமிலிருந்து திரும்புமாறு 'மல்ட்டி-சிட்டி' என்ற பிரிவில் தேடுங்கள்; விமானம் பிடிப்பதற்காகவே பாரிஸுக்குத் திரும்பும் செலவும் ஒரு நாளும் மிச்சமாகும். அதையே இரண்டு ஒருவழி டிக்கெட்டுகளாக எடுத்தால், நெடுந்தூரத் தடங்களில் பல நிறுவனங்களின் ஒருவழிக் கட்டணம் போக-வரக் கட்டணத்தை நெருங்கிவிடுவதால், சேமிப்பு கைநழுவிப் போகும். லண்டனுக்கு ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட் என்றும், டோக்கியோவுக்கு ஹானெடா, நாரிட்டா என்றும் ஒரே நகருக்குப் பல விமான நிலையங்கள் இருப்பதால் அவற்றையும் ஒப்பிடலாம். ஆனால் அங்கிருந்து நகருக்குள் செல்ல நால்வருக்கு ஆகும் ரயில் கட்டணத்தையும் கூட்டிப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் டிக்கெட்டுகளைத் தனித்தனியாக வாங்கி, நீங்களாகவே இணைப்பு விமானம் அமைத்துக்கொள்ள வேண்டாம். நான் ஒருமுறை அப்படிச் செய்து, முதல் விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானதால் இரண்டாவதைத் தவறவிட்டேன். என் பெட்டிக்காக நான் சுழல்பட்டை அருகே காத்துக்கொண்டிருந்தபோதே அடுத்த விமானத்தின் செக்-இன் மூடிவிட்டது. இரண்டும் தனித்தனி ஒப்பந்தங்கள் என்பதால் எவர்மீதும் குறைசொல்ல முடியவில்லை. அன்றைய விலையில் புதிய டிக்கெட் வாங்கினேன். ஒரே பதிவில் இருந்திருந்தால், அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பாகியிருக்கும். மேலும், பெட்டியை எடுக்க வெளியே வந்தாக வேண்டுமென்றால் இடையில் இறங்கும் நாட்டின் விசாவும் தேவைப்படலாம். சிறு குழந்தையோடு இந்தச் சோதனை வேண்டாம்.

விலைகளை ஒப்பிடும்போது திரையில் முதலில் தெரியும் எண்ணை நம்பாதீர்கள். பெட்டி, இருக்கைத் தேர்வு, உணவு, அட்டைக் கட்டணம் ஆகிய எல்லாவற்றையும் நால்வருக்கும், போக வர இரு வழிக்கும் கூட்டி, இறுதித் தொகையை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பட்ஜெட் விமானம் அப்போதும் மலிவாகவே இருந்தால் தயங்காமல் எடுக்கலாம். இடைத்தரகுத் தளத்துக்கும் விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்கும் வேறுபாடு சிறிதாக இருந்தால் நிறுவனத்திடமே வாங்குங்கள். இடைத்தரகரிடம் வாங்கிவிட்டு, பின்னால் மாற்றமோ ரீஃபண்டோ வேண்டுமென்றால், விற்றவரிடமே போங்கள் என்று விமான நிறுவனத்தில் சொல்லிவிடுவார்கள்.

இளைய மகனைப் பற்றி நீங்கள் குறிப்பிட்டது மிக முக்கியமான செய்தி. இரண்டு வயது நிறையாத குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு செல்லலாம். பன்னாட்டுப் பயணங்களில் பல நிறுவனங்கள் அதற்குப் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு அளவே வாங்குகின்றன. வயதைக் கணக்கிடுவது டிக்கெட் எடுக்கும் நாளை வைத்து அல்ல, பறக்கும் நாளை வைத்து. பயணத்தின் நடுவே பிறந்தநாள் வந்தால் திரும்பும் வழிக்குத் தனி இருக்கை வாங்க வேண்டும். சில நிறுவனங்கள் இரு வழிக்குமே தனி இருக்கைக்கான சிறுவர் கட்டணம் கேட்கக்கூடும். எனவே வேறெதையும் பார்ப்பதற்கு முன், பிறந்தநாளுக்கு முன்பே திரும்பி வந்து சேரும்படி அந்த இரண்டு வாரத்தை முன்னே தள்ள முடியுமா என்று பாருங்கள். முடிந்தால், நீங்கள் தேட வேண்டியது நான்கு இருக்கைகளை அல்ல, மூன்றைத்தான். முடியாவிட்டால், மகனின் பிறந்த தேதியைச் சொல்லி, திரும்பும் வழிக்கு என்ன கட்டணம் என்று விமான நிறுவனத்திடமே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு பணம் கட்டுங்கள்.